ஒன்பதாம் சேனலில் ஓர் அறை

“டீச்சர், லைன் சுத்தமா இருக்கு. அப்புறம் ஏன் பதில் வர மாட்டேங்குது?”

வாசலில் நின்றபடியே கேட்டான் கஸ்பார். வணக்கம் கிடையாது. செருப்பைக் கழற்றவும் இல்லை. தேரி மேட்டின் செம்மணல் அவன் முழங்கால்வரை ஒட்டியிருந்தது.

உள்ளே ஜெபமலர் டீச்சர் இருந்தாள். அவளைச் சுற்றி, அந்தப் பழைய வயர்லெஸ் கட்டடத்தின் சிமெண்டுத் தரையில், அவளிடம் ரேடியோ படிக்கிற பிள்ளைகள். பள்ளிக்கூடம் முடிந்தும் முடியாத வயசு. ஒவ்வொருவர் தலையிலும் ஒரு ஹெட்போன், ஒரு காதை மூடி, ஒரு காதைத் திறந்து. யார் கையிலும் மைக் இல்லை.

கஸ்பாரின் குரல் கேட்டதும் அத்தனை தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

ஒரு பெண் நகர்ந்துபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஒருவன் ஹெட்போனைக் கழற்றி அதைப் பார்த்தான், பிறகு கஸ்பாரைப் பார்த்தான்.

யாரோ மெல்லச் சொன்னார்கள்.

“டீச்சர், அவருதான்.”

டீச்சர் கஸ்பாரை உட்காரச் சொன்னாள்.

*

கஸ்பார் செல்போன் கடைக்காரன். மாதா கோயில் முக்கில் கடை. ஊரில் யார் போன் விழுந்து உடைந்தாலும் அவனிடம்தான் போக வேண்டும். போன் விற்கிறவனுக்கு ஒரு தெனாவட்டு வந்துவிடும், பூமியில் எந்த மூலையில் இருப்பவனையும் தன் கடை வழியாகத்தான் கூப்பிட முடியும் என்று. கஸ்பாருக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

போன வருஷம் அவனும் இந்தத் தரையில் வந்து உட்கார்ந்தவன்தான். ரேடியோ செட்டும் விற்கலாமே என்று ஒரு யோசனை. டீச்சர் அவன் கையில் ஹெட்போனைக் கொடுத்தாள். மைக் எங்கே என்று கேட்டான். முதலில் கேட்டுப் பழகுங்கள், மைக் அப்புறம் என்றாள். எவ்வளவு நாள் என்றான். அது உங்களைப் பொறுத்தது என்றாள்.

அன்றைக்கு மத்தியானமே எழுந்து போய்விட்டான். கேட்பதற்கு ஒரு படிப்பா என்று கடையில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். டீச்சரைப் போலவே கழுத்தைச் சாய்த்து நடித்தும் காட்டினான்.

இப்போது அதே தரையில் உட்கார்ந்தான். சிரிப்பு இல்லை.

*

அவன் தம்பி ரெமிஜியுஸ், வீட்டில் ரெமி, புயலுக்கு முந்தின நாள் ஃபைபர் படகில் தனியாகக் கடலுக்குப் போனவன். மற்றப் படகுகள் எல்லாம் திரும்பின. அவன் படகு திரும்பவில்லை.

தேடப் போனவர்கள் தெற்கே தேடினார்கள். நீரோட்டம் அப்படி என்றார்கள். ஒரு மிதவையும் கிடைக்கவில்லை. நாளைக் காலை ரெமிக்காக இறந்தோர் பூசை என்று சாமியார் சொல்லிவிட்டார். பூசை முடிந்துவிட்டால் பிறகு எந்தப் படகும் அவனைத் தேடிப் போகாது. பூசை வைத்த பிறகும் ஒருவனைத் தேடுவது அந்த ஊரில் அவனுடைய ஆத்துமாவை இழுத்துப் பிடிப்பது மாதிரி.

இதையெல்லாம் கஸ்பார் வேகமாகச் சொன்னான். அடிக்கடி கண்ணைத் துடைத்தான். அழுகிறோம் என்று அவனுக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை.

ரெமியிடம் ஒரு செட் இருக்கிறது. கஸ்பார் வாங்கிக் கொடுத்தது. படகில் ஒன்று, வீட்டில் ஒன்று. படகுச் செட்டுக்கு வெயிலில் சார்ஜ் ஏறுகிற சின்னப் பலகையும் உண்டு. அந்தப் பயணத்துக்கு முந்தின நாள்தான் வந்தது. தெருவின் இந்த முனையில் ஒருவனும் அந்த முனையில் ஒருவனுமாக நின்று பேசிப் பார்த்தார்கள். அந்தத் தூரத்துக்குச் செட்டே தேவையில்லை, வாயால் கத்தினாலே கேட்கும்.

ரெமி முன்னால் விசைப்படகில் போய்ச் செட் பேசிப் பழகியவன். ஒவ்வொரு பேச்சின் முடிவிலும், நான் முடித்துவிட்டேன், இனி நீ பேசு என்கிற மாதிரி ‘ஓவர்’ என்றான். அதெல்லாம் சினிமாவில் சொல்வது, நம்ம வீட்டுக்குள்ளே எதற்கு என்று கஸ்பார் அவனைக் கேலி செய்தான். ஒன்றே ஒன்று மட்டும் சொல்லி அனுப்பினான். என்ன நடந்தாலும் நான் லைனிலேயே இருப்பேன். விட மாட்டேன்.

“விடவே இல்ல டீச்சர். புயல் அடிச்ச அன்னைக்குப் பட்டனை அமுக்கினவன்தான். டவர் எல்லாம் விழுந்துட்டு. கடையில இருக்கிற போன் எல்லாம் வெறும் கண்ணாடித் துண்டு. இந்தச் செட்டு ஒண்ணுதான் வேலை செய்யுது. கோயில் ஜெனரேட்டர்ல பேட்டரிக்குச் சார்ஜ் போட்டுப் போட்டுக் கொண்டாந்து மாட்டுதேன். கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன்.”

“எந்தச் சேனல்?”

“ஒன்பது.”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

லைன் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று டீச்சர் கேட்டாள்.

“ஒரு இரைச்சல் கெடையாது. முதல்ல இருந்துச்சு. பட்டனை விட்டா இரைச்சல் வரும், அமுக்கினா அடங்கிரும். சிவப்பு விளக்கும் எரியும். அதுக்கப்புறம் நான் பட்டனை விடல. இப்ப கிணத்துக்குள்ள காதை வச்ச மாதிரி இருக்கு.”

இரைச்சல் வந்தால் லைன் போய்விட்டது, அடங்கினால் லைன் கிடைத்துவிட்டது. போன் கடைக்காரன் கணக்கு அப்படித்தான் ஓடும்.

டீச்சர் அவனுடைய வலது கையை எடுத்துப் பார்த்தாள். கட்டைவிரல் வீங்கி, நகத்தடி கறுத்திருந்தது.

“இப்ப இங்க வந்திருக்கீங்களே. லைனை யாரு பிடிச்சிருக்கா?”

அதற்கும் வழி பண்ணிவிட்டுத்தான் வந்தேன் என்றான். மைக்கோடு சேர்த்துப் பட்டன்மேல் ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறான். சாப்பிடப் போனாலும், பேட்டரி தூக்கப் போனாலும், தம்பிக்கு லைன் திறந்தே இருக்கும். அவன் எந்த நேரமும் உள்ளே வரலாம்.

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

*

டீச்சர் அவன் வீடு எங்கே என்று கேட்டாள். மாதா கோயிலுக்குப் பின்தெரு, நீலக் கதவு என்றான்.

அவள் இடுப்பிலிருந்த கைச் செட்டை எடுத்தாள். பேசவில்லை. முதலில் அதைக் காதருகே வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். அப்புறம்தான் பட்டனை அமுக்கினாள்.

“டெல்பின். கோயிலுக்குப் பின்தெரு. நீலக் கதவு. ஓவர்.”

விரலை எடுத்துவிட்டாள்.

“கேட்டுச்சு டீச்சர். கோயில்கிட்டதான் நிக்கோம். ஓவர்,” என்றது ஒரு பெண்குரல்.

மேடேறி வரும் வழியில், டீச்சரிடம் படிக்கிற அந்தப் பெண்ணைக் கஸ்பார் பார்த்திருந்தான். அவளும் இன்னொரு பெண்ணும் சைக்கிளை உருட்டிக்கொண்டு இறங்கினார்கள். கையில் பழைய டிவி ஆன்டெனா மாதிரி அலுமினியக் கம்பிகள். அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். திருப்பி முடித்ததும் அது ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம்தான் நின்றது. அவன் எங்கிருந்து வந்தானோ அந்தப் பக்கம்.

பாதை நேற்றுவரை மணல் மூடிக் கிடந்ததால் இன்றைக்குத்தான் அவர்களால் இறங்க முடிந்தது.

கஸ்பாருக்கு ஆத்திரம் வந்தது. தம்பியைப் பற்றிக் கேட்க வந்தால் பிள்ளைகளை என் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாளே என்றிருந்தது. நான் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லுங்கள் என்றான்.

டீச்சர் ஒரு ஹெட்போனை எடுத்து நீட்டினாள். போன வருஷம் கொடுத்த அதே ஹெட்போன்.

அவன் அதைத் தள்ளிவிடவில்லை. தள்ளிவிடுகிற நிலைமையில் அவன் இல்லை.

*

முதலில் ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் போனதும் அந்த ஒன்றுமில்லாததற்கு அகலமும் உயரமும் இருப்பது தெரிந்தது. கடல் இல்லை. காற்று இல்லை. நாலு சுவர், ஒரு கூரை. யாரோ ஒருவருடைய வீட்டு அறை.

கடிகாரம் ஓடியது. ஓடி ஓடி ஓரிடத்தில் தடுக்கியது. மறுபடி ஓடியது.

எங்கோ தண்ணீர் சொட்டியது. ஒரு பல்லி சத்தமிட்டது.

அப்புறம் மூச்சு. அறைக்குள் யாரோ இருந்தார்கள். பேசாமல், செட்டுக்கு வெகு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

கஸ்பார் டீச்சர் பக்கம் திரும்பினான். இது யார் என்று கேட்டான்.

“கேளுங்க,” என்றாள் டீச்சர்.

அந்த அறையில் ஒரு போன் பாடத் தொடங்கியது. அழைப்பு இல்லை, அலாரம். நாதசுரத்தில் வாசித்த கல்யாண மெட்டு. புதுப் போனை எடுத்துக் காட்டும்போது கஸ்பார் எல்லாருக்கும் போட்டுக் காட்டுகிற மெட்டு. பேட்டரி மாற்ற நேரமாகிவிட்டது என்று நினைவூட்டுவதற்காக அவன் தன் போனில் வைத்திருந்த மெட்டு.

கஸ்பார் சட்டைப்பையைத் தொட்டான். பை காலியாக இருந்தது.

வளையல் சத்தம் எழுந்தது. நடந்தது. அலாரம் நின்றது. வளையல் சத்தம் திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தது.

பிறகு அந்த மூச்சு பேசியது. பக்கத்தில் படுத்திருப்பவரிடம் பேசுகிற மாதிரி, சின்னக் குரலில்.

“நான்தான் பேசுதேன். அத்தான் வெளிய போயிருக்காங்க, அதான். இன்னைக்கும் வெயில் அடிக்குது. தலையில துண்டைப் போட்டிருக்கீங்களா? எங்க அண்ணன் வந்தான். வெள்ளச் சேலை கொண்டாந்து வச்சிருக்கான், நாளைக்குன்னு. பொட்டலத்தை நான் பிரிக்கல. பிரிக்க மாட்டேன்.”

ரெமியின் பெண்டாட்டி மெல்சி, கஸ்பாரை அத்தான் என்கிறவள். கஸ்பார் முன்னால் உட்காராதவள், அவனிடம் ஒரு வார்த்தைக்கு மேல் பேசாதவள். வெள்ளைச் சேலை வந்த விஷயம்கூட அவனுக்குத் தெரியாது. அவன் வீட்டில் இருந்த நேரமெல்லாம் செட்டில் கத்திக்கொண்டிருந்தான்.

அவன் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான்.

“என் வீட்டுக்குள்ள யாரு மைக் வச்சது?”

“நீங்கதான்,” என்றாள் டீச்சர்.

*

சுவரோடு ஒட்டி நின்ற பெண் இப்போது பேசினாள். பேசும்போது அவனைப் பார்க்கவில்லை, அவன் காலைப் பார்த்தாள். காலும் நிழலும் இருக்கின்றனவா என்று பார்த்திருப்பாள் போலிருக்கிறது.

புயலுக்குப் பிறகு ஒன்பதாம் சேனலில் இந்த அறை வந்துவிட்டதாம். கரையில் எல்லாச் செட்டிலும் கேட்கிறதாம், அதற்கு அடியில் வேறெந்தக் குரலும் கேட்பதில்லையாம். ஒரு ஆண்குரல் தம்பி, தம்பி என்று கூப்பிடும். மூச்சுவிட இடம் கொடுக்காமல் கூப்பிடும். அவன் இல்லாத நேரம் ஒரு பெண் வந்து யாரிடமோ பேசுவாள். யாரிடம் என்று பெயர் சொல்லவே மாட்டாள். மெல்சி எப்படிச் சொல்வாள்? அந்தப் பக்கத்தில் புருஷன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்வதில்லை.

கடலில் செத்துப்போன ஒரு குடும்பம் தாங்கள் செத்தது தெரியாமல் பேசிக்கொண்டிருக்கிறது என்று படகுக்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ஒன்பதைத் திருப்பவே பயந்து, எல்லாரும் வேறு சேனலுக்குப் போய்விட்டார்கள். டீச்சர் மட்டும் அதைத்தான் கேட்க வேண்டும் என்றாளாம். பிள்ளைகள் முறை வைத்துக் கேட்டார்களாம். அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஆன்டெனாவைத் திருப்பித் தேடத்தான் டெல்பின் இன்றைக்கு இறங்கினாளாம்.

“நாங்க எத்தனையோ தடவை பதில் சொன்னோம் அண்ணாச்சி. நீங்க யாரு, எங்க இருக்கீங்க, பட்டனை விடுங்கன்னு டீச்சரும் கூப்பிட்டாங்க. பட்டன் அமுங்கிக் கிடந்தா பேச மட்டும்தான் முடியும், எதுவும் காதுல விழாது. அவருக்குக் கேக்கவே இல்ல. ஒன்பதுல இருக்கவருக்குக் காது கெடையாதுன்னு நாங்களே பேசிக்கிட்டோம்.”

மீதியையும் சொன்னாள்.

“இப்ப நீங்க வாசல்ல வந்து நின்னு பேசினதும் உசிரே போயிட்டு.”

கஸ்பார் தன் கட்டைவிரலைப் பார்த்தான்.

பிறகு, பயந்துபோன குரலில், அவன் டீச்சரிடம் ஒன்று கேட்டான். இத்தனை நாளும் ரெமி கூப்பிட்டிருந்தால் அது எங்கே போயிருக்கும்?

டீச்சர் குனிந்து, அவன் எறிந்த ஹெட்போனை எடுத்து மறுபடி அவன் தலையில் மாட்டினாள்.

*

அறையில் கதவு தட்டுகிற சத்தம்.

கஸ்பார் திரும்பி அந்தக் கட்டடத்தின் வாசலைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. சத்தம் காதுக்குள் இருந்தது. அவன் வீட்டு நீலக் கதவை யாரோ தட்டினார்கள்.

மெல்சி எழுந்து போய்த் திறந்தாள். டெல்பின் குரல் கேட்டது. அக்கா, இங்கே ஒரு செட் இருக்கிறதா என்றது. காலடிகள் உள்ளே வந்தன, பெரிதாகிப் பெரிதாகி, கஸ்பாரின் தலைக்குள் வந்து நின்றன.

“இந்த ரப்பரைக் கழட்டணும் அக்கா,” என்றாள் டெல்பின்.

“தொடாத.”

மெல்சி அப்படிப் பேசி அவன் கேட்டதில்லை.

“அத்தான் சொல்லிருக்காங்க. அதைக் கழட்டினா கடல்ல இருக்கவங்களுக்கு லைன் அறுந்துரும். அவங்க வர வழியே அது ஒண்ணுதான். நீங்க யாரு? சாமியார் அனுப்பினாரா?”

டெல்பின் ஏதோ விளக்கினாள். மெல்சி கேட்கவில்லை. ஒரு நாற்காலி இழுபட்டது. அவள் செட்டுக்கு முன்னால் போய் நின்றிருக்க வேண்டும், சேலை மைக்கில் உரசியது. அவள் நெஞ்சு அடித்துக்கொள்வதுகூடக் கேட்டது.

கஸ்பார் மேசைமேல் இருந்த பெரிய செட்டின் மைக்கைப் பிடுங்கினான். அதுவும் ஒன்பதில்தான் இருந்தது. பட்டனை அமுக்கிக் கத்தினான். மெல்சி, கழட்டு. மெல்சி, நான்தான், கழட்டிரு. தொண்டை கிழியக் கத்தினான். விரலை எடுத்துக் கேட்டான்.

கடிகாரம் ஓடியது. தடுக்கியது. ஓடியது.

மறுபடி கத்தினான். அறையில் யாரும் அசையவில்லை.

எல்லாம் கேட்டது. அவளுடைய மூச்சு, வளையல், அழுகையை அடக்குகிற விக்கல், எல்லாமே பக்கத்தில் நிற்கிற மாதிரி கேட்டது. அவனால் ஒரு வார்த்தையை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை. கஸ்பார் மைக்கைப் பிடித்தபடியே அழுதான். இந்தத் தடவை அழுகிறோம் என்று தெரிந்தே அழுதான்.

*

டீச்சர் அந்த மைக்கை அவன் கையிலிருந்து எடுத்தாள். தன் கைச் செட்டைக் கொடுத்தாள். டெல்பினிடம் இருப்பது இதன் ஜோடி, வேறு சேனல்.

“சுருக்கமா சொல்லுங்க. சொல்லிட்டு விட்டுருங்க.”

அவன் பட்டனை அமுக்கினான்.

“மெல்சி, நான் அத்தான் பேசுதேன். நான் செஞ்சது தப்பு. ரப்பரைக் கழட்டிரும்மா.”

விரல் எடுபடவில்லை. இன்னும் சொல்ல வேண்டியது நெஞ்சு நிறைய இருந்தது. வீங்கிய கட்டைவிரல் பட்டன்மேலேயே நின்றது. பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஓவர்,” என்றான்.

விட்டான்.

அவன் சொன்னதெல்லாம் ஹெட்போனில் அவனுக்கே திரும்பி வந்தது. டெல்பினின் கைச் செட்டிலிருந்து புறப்பட்டு, அவன் வீட்டுச் சுவர்களில் பட்டு, யாரோ ஒருவனுடைய குரல் மாதிரி.

மெல்சி யோசித்தாள். அவள் யோசிப்பதை அவன் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு மனுஷி யோசிப்பதை அவன் அதற்கு முன் கேட்டதே இல்லை.

சேலை உரசியது. அவள் விலகினாள்.

“மன்னிச்சிருங்க,” என்றாள் மெல்சி, செட்டைப் பார்த்து, பெயர் சொல்லாதவனிடம். “அத்தான் கழட்டச் சொல்லுதாங்க.”

ரப்பர் பட்டென்று தெறித்தது.

அறை போய்விட்டது. கடிகாரம், பல்லி, தண்ணீர், வளையல் எதுவும் இல்லை. அதன் இடத்தில் இரைச்சல் வந்தது. ஓலைக்கூரையில் தூறல் விழுகிற மாதிரி, முடிவில்லாத ஒரு இரைச்சல்.

பிள்ளைகள் எல்லாரும் ஒரு காதில் இருந்த ஹெட்போனை இரண்டு காதுக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

கஸ்பாரின் கை தன்னையறியாமல் மேசைமேல் இருந்த மைக்குக்குப் போனது. கூப்பிட வேண்டும். லைன் அறுந்துவிட்டதே, உடனே கூப்பிட வேண்டும். டீச்சர் தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

கட்டைவிரல் பட்டன்மேல் போய் உட்கார்ந்தது.

அமுக்கவில்லை.

மைக்கைத் தரையில் வைத்தான். அந்தக் கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

இரைச்சல். இரைச்சல்.

இரைச்சலின் அடியில் ஏதோ புரண்டது.

“...அண்ணே, ரெமி பேசுதேன். சங்குமணல் திட்டுல கிடக்கேன். வடக்க. கால் ஒடிஞ்சிருக்கு, உசிருக்கு ஒண்ணுமில்ல. மெல்சி சொன்னது எல்லாம் கேட்டுச்சு, சேலையைத் திருப்பி அனுப்பச் சொல்லு.”

குரல் தேய்ந்தது. தூறல் மறுபடி வந்து மூடியது. பிறகு விலகியது.

“நீ பேசி முடிச்சிட்டியான்னு தெரியல அண்ணே. முடிச்சிட்டா சொல்லு. நான் இருக்கேன். ஓவர்.”